முதல் கால் மணி நேரம்

என் மகன் இன்னும் பந்து ஆடிக்கொண்டிருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களில் என்னைப் போல் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருப்பார்கள். கடைசிவரை என்ன ஆகுமோ என்று அவர்கள் பதற வேண்டியதில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு நான் காரணமில்லை. ஆகியிருந்தால் நான்தான் காரணம்.

முப்பத்தோரு வருடம் நான் மீன் கணக்கெடுப்பாளனாக வேலை பார்த்தேன். இந்த வருடம் கடலில் இவ்வளவு மீன் பிடிபட்டது என்று அரசாங்கம் ஒரு எண்ணை வெளியிடுகிறது. அந்த எண்ணின் அடியில், விடிகிற நேரத்தில், படகுகள் வந்து அணையும் ஜெட்டியில் கையில் அட்டையோடு நிற்கும் ஆட்கள் சிலர் உண்டு. அவர்களில் நான் ஒருவன். இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று மாறி மாறி நின்றேன். வீடு தங்கச்சிமடத்தில். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. மாடிப்படி பதினேழு, இரவு மாத்திரை நான்கு, வீட்டிலிருந்து கோயிலுக்கு அறுநூற்று இருபது அடி. மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரைச் சுற்றிப் போனால் அறுநூற்று எழுபது.

எல்லாப் படகையும் எண்ண முடியாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். ஒரு காலையில் நூறு படகு வந்தால், பத்துக்கு ஒன்று என்று எடுத்து அதில் என்ன மீன், எத்தனை கிலோ என்று பார்ப்போம். பிறகு பெருக்குவோம். சரியாக எடுத்தால் சரியாக வரும். இதை நான் நம்பினேன். இன்னும் நம்புகிறேன். நான் எடுத்த விதம்தான் கோளாறு.

மகன் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரன். நடுக்களத்தில் ஆடுகிறான். கோல் போடுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள், தடுக்கிறவர்கள் பின்னால் நிற்பார்கள், இவன் இருவருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருப்பான். பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் கொடுப்பது அவன் வேலை. எங்கள் ஊரில் பந்து ஆடாத வீடு குறைவு. படகுகள் கரையில் நிற்கும் நாட்களில் மணலில் ஆட்டம் நடக்கும், கோயில் திருவிழாவுக்குப் போட்டி நடக்கும். அப்படி ஆடியவனை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து கேரளா, கோவா, கல்கத்தா. பதினொரு சீசன், நான்கு கிளப், இடது முழங்காலில் ஒரு அறுவைச் சிகிச்சை, ஒன்பது கோல்.

அந்த ஒன்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் ஜெட்டிக்குப் போனால் ஐஸ் உடைக்கிறவர் முதல் ஏலம் விடுகிறவர் வரை ஒரே கேள்வி கேட்பார்கள். "எத்தனை கோல் சார்?" பதினொரு வருடத்தில் ஒன்பது நாள்தான் என்னால் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது. அதனால் அவன் கொடுத்த பாஸ்களை எண்ண ஆரம்பித்தேன். தன் ஆள் காலில் போய்ச் சேர்ந்தால் ஒன்று. சேராவிட்டால் இல்லை.

"கோல் இல்லை. ஐம்பத்திரண்டு பாஸ்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"பாஸை வச்சு பஸ்ஸுலதான் போகலாம் சார்" என்றார் ஐஸ்காரர்.

சிரித்தார்கள். ஆனாலும் மகனுக்கு இது பிடித்துப் போயிற்று. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் போன் வரும். சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் பேசுவான், பிள்ளைகளைப் பற்றி மனைவியிடம் பேசுவான். என்னிடம் "எத்தனைப்பா?" என்று ஒரு சொல். நான் எண்ணைச் சொல்வேன். "சரிப்பா" என்று வைத்துவிடுவான். பெரிய போட்டிகளில் டிவியிலேயே இந்த எண்ணிக்கையைப் போடுவார்கள். ஒரு முறை அவர்கள் ஐம்பத்து நான்கு போட்டார்கள். என் நோட்டில் ஐம்பத்து மூன்று. கொட்டாவி விட்டபோது ஒன்று தவறியிருக்க வேண்டும். அப்பா எண்ணினால் தப்பாது என்று அவன் தன் கூட்டாளிகளிடம் சொல்வானாம்.

இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. அவன் மேல்நிலைப் போட்டியிலிருந்து இரண்டாம் நிலையில் ஆடும் ஒரு சிறிய கிளப்புக்குப் போனான். அங்கே ஆட்டத்தை போனில்தான் பார்க்க வேண்டும், எண்ணிக்கை எதுவும் போடமாட்டார்கள். அதே மாதம் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். என் மனைவி அதை மணி பார்த்து அமல்படுத்தினாள். கண் ஆறிய பிறகும் தளர்த்தவில்லை.

ஆட்டம் தொண்ணூறு நிமிடம். எனக்குக் கிடைத்தது முப்பது. வேலையில் செய்ததையே செய்தேன். முதல் பாதியில் முதல் கால் மணி நேரம், இரண்டாம் பாதியில் முதல் கால் மணி நேரம். வந்ததை மூன்றால் பெருக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

முப்பத்து மூன்று வந்தது. அடுத்த ஆட்டம் முப்பது. பிறகு இருபத்து நான்கு. இரண்டாவது சீசனில் முப்பதைத் தாண்டவே இல்லை. ஐம்பதுக்கு மேல் எழுதிப் பழகிய கை. அவனுக்கு முப்பத்திரண்டு வயது, முழங்காலில் கத்தி பட்டிருக்கிறது. முடிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். போன் வந்தபோது, "கண்ணு சரியில்லப்பா, முழுசாப் பாக்கலை" என்றேன். நாலைந்து முறை அப்படிச் சொன்ன பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். ஆறுதலாக இருந்தது. நான் வாயைத் திறக்காததே அவனுக்கு ஒரு பதிலாகப் போய்விட்டது என்று அப்போது தெரியவில்லை.

அந்தப் பயத்தில்தான் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் அதன் தாளாளரான சிஸ்டரைப் பார்த்தேன். மூன்று முறை போனேன். விளையாட்டுப் பயிற்சியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஆட்டத்திலிருந்து அவனை யாராவது அனுப்புவதற்கு முன் அவனாக வந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். ஜூன் முதல் வாரம் வெள்ளிக்கிழமை அவனை அழைத்து வருவதாகச் சிஸ்டரிடம் வாக்குக் கொடுத்தேன். அவனிடம் கேட்காமல்.

மே கடைசியில் அவன் ஊருக்கு வந்தான். வந்த மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கிளப்பிலிருந்து இன்னும் ஒரு வருடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டு வருசமா எத்தனைன்னு நீங்க சொல்லவே இல்லையேப்பா."

"கண்ணு..."

"கண்ணு நல்லாத்தான இருக்கு. பேப்பர் படிக்கிறீங்க. சொல்லுங்க."

"கொறஞ்சிருச்சுப்பா."

"எவ்வளவு?"

"பாதியாயிருச்சு."

அவன் கோபப்படவில்லை. இடது முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான். "எனக்கும் சந்தேகந்தான். கடைசி இருவது நிமிசம் காலு கல்லு மாதிரி ஆயிருது. அங்க இருக்குற சின்னப் பயலுகளைப் பாத்துக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்னு என்னையக் கேக்குறாங்க போல." பிறகு, "நீங்க எண்ணுனா தப்பா இருக்காது" என்றான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

வெள்ளிக்கிழமை எட்டு ஐம்பது பஸ்ஸுக்குச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். "நான் என்ன ஒண்ணாப்புல சேரவா போறேன்? நான் மட்டும் போய்ட்டு வாரேன்" என்றான். மருமகள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, வாளித் தண்ணீரில் மீனைப் போட்டு, உரசவே தேவையில்லாத மீனை உரச ஆரம்பித்தாள்.

ஒன்பதரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். விசைப்படகு ஓட்டுகிறவர். எங்கள் பக்கம் அவர்களை டிரைவர் என்போம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. படகெல்லாம் கட்டிக் கிடந்ததால் அவர் தினமும் வந்து என் பேப்பரைப் படிப்பார்.

"என்ன சார், மொகம் வெலை போகாத மீன் மாதிரி இருக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. நோட்டையும் காட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"இதென்ன சார், எல்லாம் மூணு மூணாப் போகுது? முப்பத்து மூணு, முப்பது, இருவத்து நாலு, இருவத்தேழு. மூணால வகுபடாத நம்பர் ஒண்ணக் காணோம்."

முறையை விளக்கினேன். அரை மணி நேரம், டாக்டர், கால் மணி நேரம், மூன்றால் பெருக்கல். அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"முதக் கால் மணி நேரம் மட்டுமா?"

"ஆமா."

"ஏன் சார், எத்தனை நாளு நான் முதப் போட்டாக் கரைக்கு வந்து நின்னுருக்கேன். அட்டையத் தூக்கிட்டு என்னையத் தாண்டிப் போயிருவீங்க. என் போட்டையும் எழுதுங்க சார்னா, முதல்ல வர்ற போட்டை எழுதக் கூடாது, வலை கிழிஞ்சு வந்திருக்கும், இஞ்சின் போயி வந்திருக்கும், அதை வச்சு எல்லாத்தையும் கணக்குப் போட்டாக் கடல்ல மீனே இல்லைன்னு ஆயிரும்னு சொல்லுவீங்க. சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன். முப்பத்தோரு வருடம் சொன்னேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். முதலில் வரும் படகுகளை மட்டும் எடுத்து எண்ணியதற்காக ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதமே எழுதியிருக்கிறேன்.

மருமகள் மீனை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். கையெல்லாம் மீன் தண்ணீர்.

"மாமா, முதக் கால் மணி நேரம் அவங்களை சும்மா நிக்கத்தான் கோச் சொல்லியிருக்காரு. பின்னால நின்னுக்கிட்டு, அடுத்த டீம் எந்தப் பக்கம் ஓடுது, எங்கன எடம் காலியாக் கெடக்குன்னு பாக்கணுமாம். பாத்துட்டுத்தான் மேல ஏறி ஆடணுமாம். ரெண்டு பாதியிலயும் அப்படித்தான். இந்த கிளப்புக்கு வந்ததுல இருந்தே."

"இதை ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே மாமா. எண்ணுற நேரத்துல கிட்ட வந்தாலே கையத் தூக்கிருவீங்க."

கையைக் கழுவிக்கொண்டு தன் போனை எடுத்தாள். கடைசி ஆட்டத்தின் வீடியோ அதில் இருந்தது. நான் பார்க்க வேண்டாம், கண் கெட்டுவிடும் என்று டிரைவர் போனை வாங்கிக்கொண்டார். வலையை எத்தனை நேரமும் உற்றுப் பார்க்கிற கண் அவருக்கு. மகன் பந்தைக் கொடுத்து அது தன் ஆளிடம் சேர்ந்தால் அவர் "குடுத்தான்" என்பார். மருமகள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "ஆமா" என்பாள். இருவரும் சொன்னால் நான் ஒரு கோடு போட்டேன்.

கால் மணி நேரத்தில் ஐந்து கோடு. என் முறைப்படி இந்தப் பாதிக்குப் பதினைந்து. டிரைவர் தாடையைத் தேய்த்தார். அதற்குப் பிறகு அவர் வாய் மூட நேரமில்லை. குடுத்தான், குடுத்தான், ஏலே அந்தப் பக்கம் பாரு, குடுத்துட்டான். பாதி முடிந்தபோது முப்பத்திரண்டு கோடு. இரண்டு முறை எண்ணினேன். மருமகளும் எண்ணினாள். முப்பத்திரண்டு. பாதி ஆட்டத்துக்கு.

மணி பத்து இருபத்தெட்டு. பேட்டி பதினொன்றரைக்கு. மகனுடைய போன் அணைந்திருந்தது. ஏழு முறை போட்டோம். பள்ளிக்கூடத்துப் போனையும் யாரும் எடுக்கவில்லை. வாசலிலேயே போனை அணைத்துவிட வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம். அதை அவனுக்குச் சொல்லி அனுப்பியவனும் நான்தான்.

"ஏறுங்க சார்" என்று டிரைவர் பைக்கை எடுத்துவிட்டார்.

பைக்கில் பாம்பன் பாலத்தைக் கடந்ததில்லை நான். ஜூன் மாதக் காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பாலத்தின் நடுவில், கடலைப் படம் பிடிப்பதற்காக வேன்கள் நின்றிருந்தன. பத்தொன்பது வேன். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குடும்பம் ரோட்டில் இறங்கி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. உச்சிப்புளியில் பெட்ரோலுக்கு ஏழு நிமிடம் போயிற்று. "இஞ்சி தின்ன மாதிரி இருக்காதீங்க சார், போயிரலாம்" என்று முன்னாலிருந்து கத்தினார். காற்றில் பாதிதான் கேட்டது.

பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம். தாளாளர் அறைக் கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய வாரமாதலால் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கி, சிஸ்டர் அவற்றைச் சரிபார்த்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். மகன் எதிரே இருந்தான். மேசைமேல் ஒரு தாள். அவன் கையில் பேனா. நான் வாயைத் திறந்தேன். கோயில் மணி அடித்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு மூவேளைச் செபம். அந்த மணி கேட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறவர் நின்றுவிடுவார், உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். சிஸ்டர் எழுந்தார். மகனும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தான். அப்போது என்னைப் பார்த்தான். சட்டையெல்லாம் புழுதி, தலைமுடி ஒரே பக்கமாக நிற்கிறது. அவன் புருவம் உயர்ந்தது. நான் கையைக் குறுக்கே ஆட்டினேன். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கை தானாகக் குவிந்தது. அதில் மாதாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை செபம் மூன்று. மூன்றையும் சொன்னேன். இத்தனை நீளமான மூன்றை என் வாழ்நாளில் எண்ணியதில்லை. கடைசி ஆமெனை எல்லோருக்கும் முன்னால் சொல்லி முடித்துவிட்டேன்.

"கையெழுத்துப் போடாத."

"என்னப்பா? அம்மாவுக்கு எதுவுமா?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நான் எண்ணுனது தப்பு."

"எது தப்பு?"

"முத கால் மணி நேரந்தான் எண்ணுனேன். ரெண்டு பாதியிலயும். அதை மூணால பெருக்குனேன். ரெண்டு வருசமா."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அடி விழும் என்றுகூடத் தோன்றியது. அப்படிப்பட்ட பிள்ளை இல்லை, ஆனாலும் தோன்றியது.

"முதக் கால் மணி நேரம் நான் ஆடவே மாட்டனேப்பா" என்றான், மெதுவாக.

"தெரியும். இப்பத்தான் தெரியும். கடைசி ஆட்டத்தை இன்னைக்கு உக்காந்து பாத்தோம். பாதி ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு. மீதிய நீயே எண்ணிக்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்த வேலை?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். மூன்று முறை அவருடைய வாசலில் நின்றதற்கு மூன்று முறை கேட்டேன். அவர் தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நீங்க இப்படி வந்து வந்து நின்னீங்களேன்னுதான் வச்சிருந்தேன். பரமக்குடில இருந்து ஒரு பொண்ணு விண்ணப்பம் போட்டிருக்கு. கபடி ஆடுன பொண்ணு. அதைத்தான் எடுக்கணும்னு எனக்கு இருந்துச்சு. உங்க மகன் ஆடிட்டு வரட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார். அவருக்கும் ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது.

வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் டிரைவர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். மகன் போனைத் திறந்து கிளப்புக்குப் பேசினான். இந்தியில் பேசினான். எனக்கு இரண்டு சொல்தான் புரிந்தது, அதில் ஒன்று சரி என்பது. பேசி முடித்து அவன் போனைப் பையில் போட்டபோது என் மார்பிலிருந்து ஏதோ கழன்று கீழே போனது போல இருந்தது. நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தேன்.

"நீங்க வரலைன்னா போட்டுருப்பேன்ப்பா" என்றான்.

"நான் சொல்லலைன்னா இங்கன வந்தே இருக்க மாட்ட."

"அதுவும் சரிதான்." என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தான். "ஆனா காலு கல்லு மாதிரி ஆகுறது உண்மைதான். அது பொய்யில்ல. ஒரு வருசமோ, ரெண்டு வருசமோ. எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க எனக்கு வேலை எதுவும் பாக்க வேணாம்."

சரி என்றேன். வாதம் செய்ய என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அந்த வேலையிலிருந்தும் எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்பதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று பேரும் சாப்பிட்டோம். மகன் மூன்று தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டான். இவன் இப்படிச் சாப்பிட்டு ஒரு வாரமாகிறது என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பும்போது பைக்கில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் டிரைவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டான். மனைவியிடம் அவனே போய்ச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு அவசரம்.

எனக்கு இராமேஸ்வரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கண்ணை மூடினேன். தங்கச்சிமடம் வந்தபோது கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார். பாலத்தைக் கடந்ததே எனக்குத் தெரியாது.